ஒன்பதாவது புத்தகம்

ராயப்பேட்டை, சென்னை
8-6-2024

அன்புள்ள ரஹமத் ஆபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் சாகிலும் சுகம். அங்கே நீங்களும் மச்சானும் ஹானியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இரண்டு வருடமாக உங்கள் நம்பருக்குப் போன் செய்தால் ஒரு தடவை மணி அடித்து நின்றுவிடுகிறது. என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. தபால்காரரைத் தடுக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

எனக்கு ஒரு வெப் சீரிஸ் வேலை கிடைத்திருக்கிறது. மொத்தம் எட்டு பாகம். திரைக்கதையும் வசனமும் நான். இயக்குநர் தேவிப்ரியா என்று ஒரு பெண். என்ன கதை தெரியுமா ஆபா? கல்லாற்றுக் கூட்டாளிகள்! நம்முடைய சிட்டு, கோபால், ஆரோக்கியம், கமால், மூக்கன் நாய். போளூர் ரோட்டில் அப்பாவின் பழைய பேப்பர் கடையில், எடைக்கு வந்த மூட்டைகளைக் கிளறிக் கிளறி நாம் நான்கு வருடத்தில் சேர்த்த அதே பதினொரு புத்தகங்கள். அவற்றை எழுதிய நெடுமலையான் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. அவர் மகன் இனியன் உரிமை கொடுத்துவிட்டார். ஆனால் அவரிடமே நான்காவது புத்தகமும் ஒன்பதாவது புத்தகமும் இல்லை. எந்த நூலகத்திலும் கிடைக்கவில்லை.

முழு செட்டும் உங்களிடம்தான் இருக்கிறது. அந்த இரண்டை மட்டும் கூரியரில் அனுப்ப முடியுமா? படித்துவிட்டு நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
சதஃப்


வேங்கிக்கால், திருவண்ணாமலை
2-7-2024

சதஃபுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எல்லோரும் நலம். உன் மச்சானுக்கு டிப்போவில் பகல் டூட்டி போட்டிருக்கிறார்கள். ஹானி ஒன்பதாம் வகுப்பு போகிறாள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் எதிரில் நாள் முழுக்க உட்கார்ந்து மனு எழுதுகிறவளுக்கு அது குறையவா போகிறது?

உன் வேலை பற்றிச் சந்தோஷம்.

புத்தகம் கேட்டிருந்தாய். போன மழையில் பெட்டிக்குள் கரையான் ஏறிவிட்டது. ஒன்றும் மிச்சமில்லை.

பேப்பரில் உன் பேட்டியைப் பார்த்தேன். என் மனுக் கடைக்கு வந்த ஒருவர் வடை மடித்து வந்த தாளில் உன் படம் இருந்தது. சிட்டுவின் பச்சைப் பாவாடையை மறக்கவே முடியாது என்று சொல்லியிருக்கிறாய். சிட்டு பாவாடை கட்டியதே இல்லை. முதல் புத்தகத்தில், ஏழாம் பக்கத்தில், அண்ணனுடைய காக்கி அரைக்கால் சட்டையை இடுப்பில் சணல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவாள். இவ்வளவு மறந்தவளுக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

சாகிலுக்கு ஸலாம் சொல்.

ரஹமத்துன்னிசா


ராயப்பேட்டை
10-7-2024

அன்புள்ள ஆபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே போதும். காக்கி அரைக்கால் சட்டையை உடனே சேர்த்துவிட்டேன். கரையான் தின்ற புத்தகத்தின் பக்க எண்கூட உங்களுக்கு நினைவிருக்கிறது. எனக்கு நினைவிருப்பதெல்லாம் உங்கள் குரல்தான். நான் எங்கே படித்தேன்? நீங்கள் படிப்பீர்கள், நான் கேட்பேன். சிட்டுவுக்கு ஒரு குரல், கமாலுக்கு ஒரு குரல். விளையாடும்போது நீங்கள்தான் எப்போதும் சிட்டு. நான் மூக்கன். நாலு வருடம் குரைத்தேன் ஆபா!

சுரேஷ்குமார் அண்ணன் வீட்டு டிவியில் அந்தப் பழைய சீரியலைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? லிப்ஸ்டிக் போட்ட இருபது வயதுப் பெண்ணை சிட்டு என்றார்கள். மூக்கனுக்கு ஒரு வெள்ளைப் பொமரேனியன். நீங்கள் பாதியில் எழுந்து போய்விட்டீர்கள். அப்புறம் அந்த சினிமா. சிட்டுவை ஆம்பளையாக்கி சிட்டிபாபு என்று பேர் வைத்து, கல்லாற்றில் டூயட் பாட விட்டார்கள். இடைவேளையில் நீங்கள் அழுதீர்கள், தலைவலி என்று சொன்னீர்கள்.

இந்த முறை அப்படி ஆகக் கூடாது. அதனால் கேட்கிறேன். நான்காவதும் ஒன்பதாவதும் உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அவ்வளவையும் எழுதி அனுப்புங்கள். டைட்டிலில் 'கதை உதவி' என்று உங்கள் பேர் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
சதஃப்


வேங்கிக்கால்
28-7-2024

சதஃபுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலம். மழையே இல்லை, வெயில் ஜாஸ்தி.

உதவிக்கு என் பேர் வேண்டாம். நீ கேட்டதற்காக எழுதுகிறேன்.

நான்காவது, 'பாலத்துக்கு அடியில்'. ரயில் பாலத்தில் திருகாணி திருடுகிறவர்களைப் பிடிக்கும் கதை. தனித்தாளில் விவரமாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்பதாவது, 'ஆற்றங்கரை விளக்கு'. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

எட்டுப் புத்தகத்திலும் குகைக்குள் போகிறவர்கள் சிட்டுவும் கோபாலும் ஆரோக்கியமும். வாசலில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் கமால். யாராவது ஒருத்தர் நின்றுதானே ஆக வேண்டும்? ஒன்பதாவதில், மழை நாளில், மூன்று பேரும் குகையை விட்டு வெளியே வந்து பார்த்தால் விளக்கு மரக்கிளையில் தொங்குகிறது. எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கமாலைக் காணோம்.

யாரோ கடத்திவிட்டார்கள் என்று பதறுகிறார்கள். அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றால், அவன் வீடு எங்கே என்று மூன்று பேருக்கும் தெரியாது. எட்டு சாகசம் சேர்ந்து செய்திருக்கிறார்கள்! கடைக்காரர் கேட்கிறார், "எந்தக் கமாலு? அவன் அப்பா பேரு இன்னா?" அதுவும் தெரியாது. அப்போது மூக்கன் முன்னால் ஓடுகிறது. தினமும் மதியம் அது எங்கே போய்ச் சோறு தின்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அதன் பின்னால் ஓடினால் ஒரு ஓட்டு வீடு. கமால் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருக்கிறான்.

"ஏன்டா வந்துட்ட?"

"கை வலிச்சுது" என்கிறான். அவ்வளவுதான்.

மறுநாள் குகைக்குப் போகும்போது சிட்டு விளக்கை வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். உள்ளே மூன்று பேர் எதற்கோ சிரிக்கிறார்கள். வெளியில் நின்று கேட்டால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது. கதை அங்கே முடிகிறது.

எனக்கு நினைவில் இருப்பது இதுதான். மாற்றாமல் அப்படியே எடுங்கள்.

ரஹமத்துன்னிசா


ராயப்பேட்டை
5-8-2024

ஆபா!

ஸலாம். எழுத நேரமில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒன்பதாவதை இன்று ஆபீசில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "கை வலிச்சுது" என்ற இடத்தில் தேவிப்ரியா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார். திரும்பி வந்து, "இந்த சீரிஸே இந்தக் கதைக்காகத்தாங்க எடுக்கணும்" என்றார். ஆறாவது பாகம் முழுக்க இதுதான்.

நெடுமலையானிடம் இப்படி ஒரு கதை இருந்தது எனக்கு நினைவே இல்லை. இதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டவே இல்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சதஃப்


வேங்கிக்கால்
14-11-2024

சதஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே தீபத்துக்கு ஊர் தயாராகிறது. ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கடைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரமாகிறது. செங்கம் ரோட்டில் ஒரு ரூம்கூடக் கிடைக்காது என்கிறார்கள்.

போன திங்கட்கிழமை மனு நாளில் அடி அண்ணாமலையிலிருந்து எல்லம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். தம்பிக்காரன் பாதையை அடைத்து வேலி போட்டுவிட்டானாம். அவள் பாதி சொன்னாள், மீதியை நான் எழுதிப் படித்துக் காட்டினேன். "யம்மா, எனக்கு நடந்தத என்னவிட நீ நல்லா சொல்லிட்டியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஷூட்டிங் எப்படிப் போகிறது? ஒன்பதாவது கதையில் எதையும் மாற்றவில்லையே? மாற்றுவதாக இருந்தால் என்னைக் கேள். கமாலாக நடிக்கிற பிள்ளை யார்? விளக்கை இடது கையில் பிடிக்க வேண்டும். சொன்னேனோ இல்லையோ.

மற்றப் புத்தகங்களில் ஏதாவது சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம். எனக்கு வேலை கம்மியாகத்தான் இருக்கிறது.

ஆபா
ரஹமத்துன்னிசா


ராயப்பேட்டை
3-1-2025

அன்புள்ள ஆபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாமதத்துக்கு மன்னியுங்கள். நலமாகத்தான் இருக்கிறேன். ஷூட்டிங் முடிந்தது. கமாலாக நடித்த பையன் இடது கையில்தான் விளக்கைப் பிடித்தான்.

அக்டோபரில் கும்பகோணம் போயிருந்தேன். அங்கே பழைய சிறுவர் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்தேன். நல்ல மனிதர், டிகிரி காபி கொடுத்தார்.

சித்திரையில் வெளியாகும் என்கிறார்கள். ஹானியைப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு விசேஷமில்லை.

சதஃப்


வேங்கிக்கால்
21-4-2025

சதஃபுக்கு,

ஸலாம் எழுதிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன், அது கடமை. நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

நேற்று ஞாயிறு. நானும் ஹானியும் காலையிலிருந்து எட்டு பாகத்தையும் பார்த்தோம். காக்கி அரைக்கால் சட்டை, சணல் கயிறு, நாட்டு நாய், எல்லாம் சரியாக இருந்தது. அந்தச் சிறுமி சிட்டுவேதான். இத்தனை வருடம் கழித்து ஒருவழியாக ஒழுங்காக எடுத்திருக்கிறார்கள் என்று ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒவ்வொரு பாகமும் நன்றாக இருக்க இருக்க என் நெஞ்சு எரிந்தது. ஏதாவது ஒரு பாகம் மோசமாக இருக்காதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆறாவது பாகம் வந்தது. கமால் "கை வலிச்சுது" என்றான். ஹானி என் பக்கம் திரும்பி, "அம்மா, இது நீங்க எனக்கு சொன்ன கதைதானே?" என்றாள். ஒன்பதாவதை உனக்கு எழுதி அனுப்பிய அன்று அவளுக்கும் சொல்லியிருந்தேன். முடிவில் பெயர்கள் வந்தன. மற்ற ஏழிலும் 'மூலக்கதை: நெடுமலையான்' என்று இருந்தது. இதில் மட்டும் 'கதை, திரைக்கதை, வசனம்: சதஃப்' என்று இருந்தது. ஹானி அதை நிறுத்தி வைத்து, "இதுல உங்க பேரு எங்கம்மா?" என்றாள்.

அப்போதுதான் உன் கும்பகோணத்து காபி எனக்குப் புரிந்தது.

சரி, நானும் சொல்லிவிடுகிறேன். கரையான் வரவில்லை. பதினொன்றும் என் பீரோவில் இருக்கின்றன. உண்மையான ஒன்பதாவதில் கமால் எங்கேயும் போகவில்லை. கள்ளச்சாராயக் கும்பலுக்கு விளக்கு காட்டுகிற ஒரு போலீஸ்காரனைப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். உன்னிடம் நான் பொய் சொன்னேன். படம் வெளிவந்ததும் பழைய வாசகர்கள், 'இது ஒன்பதாவதே இல்லை, இவளுக்கு ஒன்றும் தெரியாது' என்று உன்னைக் கிழிக்க வேண்டும். அதற்காகத்தான் இரண்டு வாரம் உட்கார்ந்து அந்தக் கதையை யோசித்தேன். வாணியம்பாடி நிக்காஹில் உன் சினேகிதிகள் முன்னால், "எங்க ஆபா மனு எழுதுறாங்க, நான் கதை எழுதுறேன், வீட்ல எல்லாரும் எழுத்தாளருங்கதான்" என்றாயே. அவர்கள் சிரித்தார்களே. அந்தச் சிரிப்புக்காக.

என் எண்ணம் கெட்டதுதான். ஆனால் அந்தக் கதை என்னுடையது. தெரிந்தே எடுத்திருக்கிறாய்.

ரஹமத்துன்னிசா


ராயப்பேட்டை
6-5-2025

ஆபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் எதுவும் செய்யவில்லை. சாகில், "போய் நேர்ல பேசு" என்றார். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தைரியமில்லை.

கும்பகோணத்தில் அந்த மனிதர் ஒன்பதாவதை எடுத்துக் கையில் கொடுத்தார். அவர் வீட்டு வாசலில் நின்றே படித்து முடித்தேன். முதலில் கோபம். என்னைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறீர்கள் என்று உடனே புரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. நெடுமலையான் எழுதவில்லை என்றால், அதை எழுதியது நீங்கள்.

இருபது வருடமாக எழுதுகிறேன் ஆபா. பதினான்கு சீரியல், இரண்டு சினிமா. "கை வலிச்சுது" மாதிரி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. கலெக்டர் ஆபீஸ் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அதுவும் என்னைக் கெடுக்க வேண்டும் என்று எழுதும்போது, உங்களுக்கு வருகிறது. அந்த இரண்டாவது கோபம் முதல் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

தேவிப்ரியாவிடம் போய், "அசல் புத்தகம் வேறங்க. இது என் சொந்தக் கதை. பழைய கதைன்னு சொன்னாத்தான் நீங்க ஒத்துப்பீங்கன்னு அப்படி சொல்லிட்டேன்" என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார். அந்த நிமிஷம் உண்மையாகவே நான் எழுதியது போலத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

வாணியம்பாடியில் நான் சொன்னதற்கும் காரணம் அந்த இரண்டாவது கோபம்தான். சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்தபோது நீங்கள் ஒரு மனுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என்னோடு வந்தவர்கள்கூட உங்கள் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கதை எழுதுகிறவள் நான், ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. அதனால் அப்படிச் சொன்னேன். மன்னிக்கச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

உங்கள் கதையில் கமாலின் வீட்டைக் கண்டுபிடிப்பது நாய் மட்டும்தான், நான் நாலு வருடம் குரைத்த அதே மூக்கன். அதை எனக்காக எழுதினீர்களா, எழுதும்போது தானாக வந்ததா? கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நேற்று தேவிப்ரியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெயரை மாற்றுவார்கள். உங்கள் நம்பரையும் கொடுத்திருக்கிறேன்.

சதஃப்


வேங்கிக்கால்
15-6-2025

சதஃபுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பக்ரீத் நல்லபடியாக முடிந்தது. உனக்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஆறாவது பாகத்தில் பெயர் மாறிவிட்டது. 'கதை: ரஹமத்துன்னிசா' என்று வருகிறது. ஹானி அதைப் போட்டோ எடுத்து ஊருக்கே அனுப்பிவிட்டாள். டிப்போவில் உன் மச்சானுக்கு எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்தார்களாம். எல்லம்மாள் கடைக்கு வந்து, "டிவில கத எழுதுன கையி, நம்ம மனுவ தள்ளிடுவாங்களா?" என்று சிரித்தாள். வேலியை எடுத்துவிட்டார்களாம்.

போன புதன்கிழமை தேவிப்ரியா போன் செய்தார். இரண்டாவது சீசன் எடுக்கப்போகிறார்களாம். "இருக்கற புத்தகத்துலேருந்து வேணாங்க, அதே பசங்களுக்குப் புதுக் கதை. நீங்க எழுதுவீங்களா?" என்றார். சதஃப்தானே எழுதுவாள் என்று கேட்டேன். "அவங்கள நம்பி இனிமே எங்களால வேலை செய்ய முடியாதுங்க" என்றார்.

உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவளும் இல்லாமல் முடியாது என்றாவது சொல்லியிருக்க வேண்டும். நான், "எழுதுறேங்க" என்றேன். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

போனை வைத்ததும் அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, சதஃப். உன் இடம் எனக்குக் கிடைத்தது என்பதே பாதிச் சந்தோஷம். உன்னிடம் இனிப் பொய் சொல்வதில்லை என்று இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நாய் பற்றிக் கேட்டிருந்தாய். நான் யோசித்து எழுதவில்லை. வேறு யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை.

பதில் போடு.

ஆபா
ரஹமத்


வேங்கிக்கால்
2-9-2025

அன்புள்ள சதஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எப்படி இருக்கிறாய்? சாகில் எப்படி இருக்கிறார்? பதில் வரவில்லை. உன் நம்பரைத் திறந்துவிட்டு மூன்று வாரமாகிறது. நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

சென்னைக்கு இரண்டு முறை வந்து போனேன். உன் வீட்டுத் தெரு முனை வரைக்கும் ஆட்டோவில் வந்தேன். திருப்பச் சொல்லிவிட்டேன்.

முதல் பாகத்தை எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் நீள மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்தார்கள். எல்லாம் உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள். முடித்ததும் "நல்லாருக்கு மேடம்" என்றார்கள். எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள். தேவிப்ரியாவும் நல்லாருக்கு என்றார், ஆனால் ஜன்னல் பக்கம் எழுந்து போகவில்லை. என்ன குறை என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதில் ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரிகிறது. மனு என்றால் பத்து பேர் படித்தாலும் ஒரு முடிவு சொல்லிவிடுவார்கள். இதற்கு அப்படி இல்லை.

அதைத் திருத்தி இந்த மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிடுவேன்.

ஹானி உன்னைக் கேட்டாள். 'சதஃப் காலா எப்ப வருவாங்க' என்கிறாள்.

மழை பிடித்திருக்கிறது. தலையை நனைக்காதே, உனக்கு உடனே சளி பிடிக்கும்.

ரஹமத் ஆபா


ராயப்பேட்டை
16-9-2025

அன்புள்ள ஆபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. காய்ச்சல் என்று எழுதித் தப்பிக்கப் பார்த்தேன், நீங்கள் பொய் சொல்வதில்லை என்று எழுதிய பிறகு எனக்கு அது முடியவில்லை.

ஜூனில் உங்கள் கடிதம் வந்ததும் 'வாழ்த்துகள் ஆபா' என்று எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். அந்த இரண்டு வார்த்தைக்கு மேலே கை போகவில்லை. எனக்கு இப்போது வேலை இல்லை. ஒரு சீரியலுக்குக் கூப்பிட்டார்கள், மாமியார் கதை, சரியென்று சொல்லியிருக்கிறேன். பேப்பரில் உங்கள் படம் வந்திருந்தது. சாகில் அதை மடித்துச் சோபா குஷனுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். கண்டுபிடித்து முழுக்கப் படித்தேன். நீங்கள் என்னைப் பற்றி ஒரு வரியாவது சொல்லியிருக்கிறீர்களா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் அதற்கும் எரிந்திருப்பேன்.

ஆட்டோவைத் திருப்பியதாக எழுதியிருந்தீர்கள். அன்று நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முனையில் ஆட்டோ நின்றதைப் பார்த்தேன். முக்காட்டைச் சரிசெய்கிற கையைப் பார்த்ததும் நீங்கள்தான் என்று தெரிந்தது. நான் கூப்பிடவில்லை.

முதல் பாகத்தை அனுப்புங்கள். அங்கே இருக்கிறவர்களுக்கு உங்களிடம் குறை சொல்லப் பயம், என்னை அனுப்பியது போல் அவர்களையும் அனுப்பிவிடுவார்கள் என்று. எனக்கு இனி இழக்க அங்கே ஒன்றும் இல்லை. படிக்காமலே ஒன்று சொல்கிறேன். மனு எழுதிய பழக்கத்தில் ஒவ்வொருவரையும் தன் குறையை முழுசாகச் சொல்ல வைத்திருப்பீர்கள். பாதியில் நிறுத்த வேண்டும். எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும்.

பேர் வேண்டாம். தேவிப்ரியாவுக்கும் தெரிய வேண்டாம். நான் உங்கள் வரிகளைப் பொறாமையோடுதான் வெட்டுவேன் ஆபா, அது போகவில்லை. அதனால் நன்றாக வெட்டுவேன்.

சதஃப்